சாம்பல் நிறத்தில் நான்கு நிமிடங்கள்

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் எழுந்து வேட்டியை உதறுகிறவர்களை அந்த அம்மையாருக்குப் பிடிக்காது. "குந்துங்க ஐயா, இன்னும் முடியல" என்பார். விளக்குப் பிடித்தவர், வண்டி ஓட்டியவர், சோறு ஆக்கியவர், படப்பிடிப்புக்கு ஆட்டுக்குட்டியை இரவல் தந்தவர் என்று கடைசிப் பெயர் மேலேறி மறையும்வரை திரையை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். அடுப்பில் பால் பொங்கி வழியும்; வாசலில் தபால்காரர் கூப்பிடுவார்; அவர் அசையமாட்டார். தீபாராதனை முடிந்து திரை விழுந்த பிறகும், உள்ளே இன்னும் ஏதோ மிச்சமிருக்கிறது என்பதுபோல் கூப்பிய கையை இறக்காமல் நிற்கும் சிலரை நான் கோயிலில் கண்டிருக்கிறேன். அந்த அம்மையார் கோயிலுக்கு வந்து நான் பார்த்ததில்லை. ஆயினும் அவரை நினைக்கும்போது அவர்களே நினைவுக்கு வருகிறார்கள்.

வில்லியனூரில் எங்களுக்கு அடுத்த வீட்டின் முன்னறையில் அவர் குடியிருந்தார். அங்கே டிவிடித் தட்டுகள் குடியிருந்தன, ஓரமாக அவரும் இருந்தார் என்று சொல்வதே பொருந்தும். திரையரங்குக்கு வராத படங்கள், வந்த மூன்றாம் நாளே எடுக்கப்பட்ட படங்கள், எங்கோ ஒரு விழாவில் நாற்பது பேர் பார்த்துக் கைதட்டியதோடு பெட்டிக்குள் போய்விட்ட படங்கள் ஆகியவற்றைத் தேடிக் கண்டுபிடிப்பார். எடுத்தவரிடம் கையெழுத்து வாங்கி, டிவிடியாகப் போட்டு, அவரைப் பற்றியும் படத்தைப் பற்றியும் ஒரு சிறு புத்தகம் சேர்த்து, அழகான அட்டைப்பெட்டியில் வைத்து வெளியிடுவார். இதுதான் அவர் தொழில். தொழில் என்று நான் சொன்னால் அவருடைய தம்பி சிரிப்பார்.

நான் அச்சகமொன்றில் முப்பதாண்டுகள் மெய்ப்புப் பார்த்து ஓய்வுபெற்றவன். வாரந்தோறும் ஊர்ச் சிவன் கோயிலில் பதிகம் ஓதும் குழுவில் ஒருவன். படம் பார்க்கும் பழக்கம் இல்லாதவன். ஒருநாள் காலை பூசை முடித்து வெளியே வந்தபோது கையில் தாள்களோடு நின்றார். "தமிழ்ல தப்பு இல்லாம பாத்துக் குடுப்பீங்களாமே ஐயா" என்றார். அன்றுமுதல் அந்தச் சிறு புத்தகங்களுக்கும், பிறமொழிப் படங்களின் அடியில் ஓடும் தமிழ் வரிகளுக்கும் நான் மெய்ப்புப் பார்க்கலானேன். படத்தைப் பார்க்காமல் வரியைத் திருத்தக் கூடாது என்பது அவர் வைத்த ஒரே நிபந்தனை. அதனால்தான் என் எழுபதாம் வயதில் நான் படம் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

கற்றுக்கொண்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன். ஒரு வடநாட்டுப் படம். மழை பொய்த்த காட்டில் ஒரு கிழவி நின்று வானத்தைப் பார்த்து ஏசுகிறாள். மொழிபெயர்த்தவர், 'சாமி, உன் கண்ணு அவிஞ்சு போச்சா' என்று எழுதியிருந்தார். எனக்குக் கை கூசியது. 'இறைவா, என்னைப் பாராயோ' என்று மாற்றினேன். வரி நன்றாக அமைந்துவிட்டதாக உள்ளுக்குள் ஒரு நிறைவுகூட இருந்தது. அம்மையார் தாளைப் பார்த்தார்.

"ஐயா, இவ திட்றா. நீங்க கும்புட வெச்சிட்டீங்க."

"பொருள் ஒன்றுதானேம்மா. அவனை நோக்கிய முறையீடுதானே?"

"அவ வாயில இன்னா வந்துதோ அதான் போகணும். நல்லாயிருக்குதோ, நாறுதோ, நம்ம வேல அது இல்ல."

பழைய அடியார்களும் ஆண்டவனை ஏசியிருக்கிறார்கள். அதை நான் அறியாதவனல்லன். அந்த ஏச்சை ஓதும்போது எனக்குக் கண்கள் கலங்கும். அவ்வளவு தெரிந்தும் ஓர் ஏழைக் கிழவியின் ஏச்சை என்னால் அப்படியே விட முடியவில்லை. முப்பதாண்டுகளாகத் திருத்திய கை அது. எதைத் தொட்டாலும் ஒழுங்கு செய்துவிடும். அவர் என் வரியை அடித்துவிட்டுப் பழைய வரியையே போட்டார். கோபமாக அல்ல, சாய்ந்த படத்தை நேராக்குவது போல.

கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டும் வேலையில் விழுப்புரத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்ததாக ஒருமுறை சொன்னார். சாப்பாட்டுப் பந்தியை வெட்டு, கிழவர்களை வெட்டு, அழுகிற தங்கையை வெட்டு என்பார்களாம். "வெட்டி வெட்டி ஒருநாள் கை நின்னுபோச்சு ஐயா. வூட்டுக்கு வந்துட்டேன்." அதன் பிறகு அவரிடம் வந்த எந்தப் படத்திலும் ஒரு நொடி குறைந்ததில்லை. கோடு விழுந்திருந்தால் கோட்டோடு போகும். ஒலி இரைந்தால் இரைச்சலோடு போகும்.

தம்பி கரையாம்புத்தூரில் கரும்பும் நெல்லும் போட்டிருந்தார். மாதம் ஒருமுறை மோட்டார் சைக்கிளில் அரிசி மூட்டையோடு வருவார். வந்ததும் அடுக்கியிருக்கும் பெட்டிகளைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பிக் கண்ணைச் சிமிட்டுவார்.

"இன்னாக்கா, போன தடவ வந்தப்ப இருந்த மாதிரியே இருக்குது? ஒண்ணுகூட கொறையலையே."

"ரெண்டு போச்சு."

"ரெண்டா! அடேங்கப்பா. கெட்டுப்போன தட்டு இருந்தா குடேன். கதிர் வெச்சிருக்குது, குருவி வுட மாட்டேங்குது. கயித்துல கட்டித் தொங்கவுட்டா மினுக்கு மினுக்குனு மிரட்டும்."

"கெட்டுப்போனது இல்லடா."

"அப்ப நல்லதையே குடு. யாரு வூட்ல பிளேயர் இருக்குது, சொல்லு? ஐயா வூட்லயே இல்ல. எல்லாரும் போன்ல பாக்கறாங்க."

"போன்ல இருக்கறது இன்னிக்கு இருக்கும், நாளைக்கு எவனாச்சும் எடுத்துடுவான். இது கையில இருக்கும்."

"கையிலயேதான் இருக்குது. அதான் நானும் சொல்றேன்."

அம்மையாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "குருவியாச்சும் படத்த முழுசா பாக்குமாடா?" என்றார்.

"பாக்குங்கா. கடைசியில ஓடற பேரெல்லாம் படிச்சிட்டுத்தான் பறக்கும்."

மணப்பட்டுப் படம் அவர் கைக்கு வந்தது அதற்குப் பிறகு. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் அந்தக் கடற்கரைக் குப்பத்தில் தங்கி, அங்குள்ள மக்களையே நடிக்கவைத்து எடுத்த படம். அது எங்கும் ஓடவில்லை. எடுத்தவர் இறந்துவிட்டார். படச்சுருள் எங்கோ கிடந்து மக்கிப்போனது. எஞ்சியது அவர் குடும்பத்தாரிடம் இருந்த ஒரே ஒரு வீடியோ கேசட். அதை வாங்கிவந்த அன்று அம்மையார் சாப்பிடவேயில்லை.

படத்தில் நடித்தவர்களைத் தேடி மணப்பட்டுக்குப் போனார். அங்கே மீன் விற்கும் ஓர் அம்மாளைக் கண்டுபிடித்தார், அறுபது வயதிருக்கும். அந்தப் படத்தில் அவளும் அவள் புருஷனும் இருந்தார்கள். படம் எடுத்த மறுவருடம் அவன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அப்போது அவள் வயிற்றில் மகள். இருந்த இரண்டு புகைப்படங்களையும் சுனாமி வீட்டோடு கொண்டுபோய்விட்டது. அவன் முகம் இந்த உலகத்தில் வேறெங்கும் இல்லை. கடலூரில் வாழ்க்கைப்பட்டிருந்த அந்த மகள் தகப்பனைப் பார்த்ததேயில்லை.

"வல பின்னிக்கினே அம்பா பாடுவாரு, அத்த எடுத்தாங்க. அது இருக்குதாம்மா?" என்று கேட்டாளாம். துடுப்புப் போடும்போது பாடும் பாட்டு அது. "இருந்தா கொண்டாறேன் அக்கா" என்று இவர் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

வீட்டில் பழைய பிளேயரில் போட்டு, ஓடஓடக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார். பாதிப் படம் ஏறியது. குடிசை வாசல் தெரிந்தது. வாசலுக்குள்ளிருந்து வலையும், வலையைப் பிடித்த ஒரு கையும் வெளியே வந்தன. அந்த இடத்தில் பிளேயர் நாடாவை இழுக்கத் தொடங்கியது. உடனே நிறுத்தி, கேசட்டை மெல்ல வெளியே எடுத்துவிட்டார். பின்னுக்குச் சுற்றினால் அறுந்துவிடும் என்று சுற்றாமல் அப்படியே வைத்தார். பிளேயரைப் பழுதுபார்க்கக் கொடுத்தார். அப்போது புரட்டாசி மழை பிடித்துக்கொண்டது. அவர் அறையில் மூன்று இடத்தில் ஒழுகியது. கேசட்டைத் துணியில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தார்.

"உங்க பூஜ ரூம்தான் ஐயா காஞ்சிருக்குது. பிளேயர் வர்ற வரைக்கும் வெச்சிருங்க. இது ஒண்ணுதான் இருக்குது."

நான் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டேன்.

இடையில் சரசுவதி பூசை வந்தது. எங்கள் வீட்டு வழக்கப்படி ஓதும் நூல்களையெல்லாம் பலகையில் அடுக்கி, ஒவ்வொன்றின் முதற்பக்கத்தையும் திறந்து சந்தனமும் குங்குமமும் இடுவேன். கேசட்டும் கல்விதானே, ஒருவன் வாழ்நாள் உழைப்புதானே என்று அதையும் நூல்களோடு வைத்தேன். வைத்ததோடு நின்றிருக்கலாம். உறையின் மேல் பொட்டிட்டால் பெட்டிக்கு இட்டதாகுமே தவிர நூலுக்கு இட்டதாகாது என்று எனக்குத் தோன்றியது. விளிம்பிலுள்ள மூடியைத் தூக்கினேன். கரிய நாடா ஒரு விரல்நீளம் பளபளத்தது. முதற்பக்கத்தைத் தொடுவதுபோல் அந்த நாடாவின்மேல் ஈரச் சந்தனத்தை வைத்து, அதன் நடுவில் குங்குமம் இட்டேன். மூடியை இறக்கி, கண்ணை மூடி ஒரு பதிகம் முழுவதும் ஓதினேன். அன்று குரல் நன்றாக வாய்த்தது.

பிளேயர் பழுதுபார்க்கப்பட்டு வந்த அன்று அம்மையார் கேசட்டை வாங்கிக்கொண்டு போனார். அரைமணி நேரத்தில் அவர் வீட்டிலிருந்து ஓர் ஒலி கேட்டது. துணி கிழிவது போலவும் இருந்தது. எலி கத்துவது போலவும் இருந்தது. போய்ப் பார்த்தேன். பிளேயரின் மூடியைக் கழற்றி வைத்திருந்தார். உள்ளே உருளையில் நாடா ஒட்டிச் சுற்றி, சுருண்டு, பல இடங்களில் அறுந்து கிடந்தது. இடுக்கியால் ஒவ்வொரு துண்டாக எடுத்துத் தாளில் வைத்துக்கொண்டிருந்தார். ஒரு துண்டில் மஞ்சளாகக் காய்ந்த சந்தனப் பொருக்கும், அதன்மேல் சிவப்பும் இருந்தன.

"ஐயா, பூஜையில வெச்சீங்களா?"

"வைத்தேன் அம்மா."

"பொட்டு வெச்சீங்களா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. என் எழுபதாண்டு வாழ்வில் நாளும் நாவால் உண்மைப் பொருளைப் பாடியவன் நான்.

"உறையின் மேல்தான்" என்றேன்.

இடுக்கி சிறிது நின்றது. "சரிங்க ஐயா" என்றார். பிறகு மறுபடியும் துண்டுகளை எடுக்கத் தொடங்கினார்.

இரண்டு நாள் முயன்றார். கசங்கிய நாடாவில் எதுவும் மீளவில்லை. அதற்கு அப்பால் இருந்த பகுதி மட்டும் பிழைத்து ஓடியது. பாழான துண்டுகளைத் தரையில் வரிசையாக நீட்டிவைத்து, தையற்காரர் அளவுநாடாவால் அளந்து, ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு நாடா ஓடும் என்று கணக்குப் போட்டார். நான்கு நிமிடம் வந்தது. வெளியிட்ட தட்டில் அந்த இடத்தில் நான்கு நிமிடம் வெறும் சாம்பல் நிறத்தை வைத்தார். ஒலி இல்லை, உருவம் இல்லை.

"அதை எடுத்துவிட்டு இரண்டு பக்கத்தையும் சேர்த்துவிடலாமே அம்மா. பார்ப்பவர்களுக்குத் தெரியாதே" என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு எவ்வாறு வாய் வந்தது என்று இப்போதும் விளங்கவில்லை.

"அது அவரு இருந்த எடம் ஐயா. ஆளுதான் இல்ல, எடத்தயாச்சும் வுடணும்."

சிறு புத்தகத்தில் அந்த நான்கு நிமிடங்களுக்குக் காரணம் எழுதவில்லை. மெய்ப்பு என்னிடம்தான் வந்தது. காரணம் வரவேண்டிய இடத்தை நான் மூன்று முறை படித்தேன். திருத்த ஒன்றும் இல்லை.

அதுவே அவர் வெளியிட்ட கடைசிப் படம். அடுத்த ஆடியில் வீட்டைக் காலிசெய்துகொண்டு போய்விட்டார். எங்கே போனார் என்று தம்பிக்கும் சரியாகத் தெரியவில்லை. சென்னை என்றார், பிறகு ஓசூர் என்றார். சென்ற ஆண்டு ஒரு சாவுக்காகக் கரையாம்புத்தூர் போயிருந்தேன். பேருந்து திரும்பும் இடத்தில் தம்பியின் வயல். கதிர்மேல் கயிறுகள் கட்டி, தட்டுகள் தொங்கின. நூற்றுக்குக் குறையாது. காற்றில் சுழன்று வெயிலை வாரி வாரி எறிந்துகொண்டிருந்தன. குருவிகளுக்குப் பழகிவிட்டது போலும். கயிற்றின் மேலேயே உட்கார்ந்திருந்தன.

அதற்கெல்லாம் முன்பு, மணப்பட்டுக்கு அவர் தட்டை எடுத்துக்கொண்டு போன தை மாதத்தில் நானும் உடன் போனேன். "வர்றீங்களா ஐயா?" என்று அவரே கேட்டார். பாகூர் வழியாகப் போகும் பேருந்தில் பெட்டியை மடியில் வைத்திருந்தார்.

"அந்த இடம் படத்தில் இல்லை என்று அவர்களிடம் சொல்லிவிட்டாயா அம்மா?"

"போய் சொல்லிக்கலாம்."

ஆனால் அங்கே போனதும் சொல்ல இடமில்லாமல் போயிற்று. அந்த அம்மாள் புதுச்சேலை கட்டியிருந்தாள். தொலைக்காட்சிப் பெட்டியைத் துடைத்து, அதன்மேல் ஒரு முழம் பூ வைத்திருந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து பிளேயர் இரவல் வந்திருந்தது. கடலூரிலிருந்து மகள் வந்து, தகப்பன் வந்ததும் படம் பிடித்துக்கொள்ள போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வஞ்சிர மீன் குழம்பு கொதித்த வாசம் வீடெங்கும் இருந்தது. என் நெற்றியைப் பார்த்து, "சாமி சாப்புடாது இல்ல? ஒனக்கு மோரு வெச்சிருக்கறேன்" என்றாள் அந்த அம்மாள். அம்மையார் கொண்டுவந்த பெட்டியைத் திறந்தார். பிறகு தட்டைப் போட்டார்.

படம் ஓடியது. தன்னைக் கண்டதும் அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐய, குச்சி மாதிரி இருக்கறேன் பாரேன்" என்றாள். குடிசை வாசல் வந்தது. வலை வந்தது. கை வந்தது.

"அவரு கைதான்! டீ, எடுடீ, ஒங்கப்பாடீ!"

மகள் போனை உயர்த்தினாள். திரை சாம்பல் நிறமாயிற்று.

அந்த நான்கு நிமிடத்தை நான் எழுத வல்லேன் அல்லேன். மகள் கையை இறக்கவில்லை. ஒரு நிமிடம் கழித்து இடக்கையால் வலக்கையைத் தாங்கிக்கொண்டாள்.

"கரண்டு போயிருச்சா?" என்றாள் தாய்.

"இல்லக்கா. ஓடுது."

"இன்னும் வருமா?"

அம்மையார் கையில் ரிமோட் இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தியிருந்தால் அந்த நிறம் நொடியில் ஓடிக் கடந்திருக்கும். அவர் அழுத்தவில்லை. என்றும் போல முதுகை நிமிர்த்தி, அந்தச் சாம்பல் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே அலை அடித்து அடித்து விழுந்தது.

பிறகு படம் திரும்பவும் வந்தது. கடலுக்குப் போகும் படகு, சந்தை, மழை. மகள் எப்போது கையை இறக்கினாள் என்று நான் பார்க்கவில்லை. முடிவில் பெயர்கள் ஓடின. தாய்க்குப் படிக்கத் தெரியாது. அம்மையார் ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படித்தார். அவன் பெயர் வந்தபோது குரலை உயர்த்தாமல், தாழ்த்தாமல், மற்றப் பெயர்களைப் படித்தது போலவே படித்தார். கடைசிப் பெயர் வரை படித்து நிறுத்தினார்.

"பேரு இருக்குது" என்றாள் அந்த அம்மாள். "ஆளு எங்கம்மா? கை வந்துதே. பாடுவாரே. ஆளு எங்க?"

அம்மையார் தட்டை எடுத்து உறையில் வைத்தார். என் பக்கம் திரும்பவில்லை. திரும்பமாட்டார் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

"நாந்தான் வெட்டிட்டேன் அக்கா."

"நீயா? நீ வெட்டிட்டியா? இன்னாத்துக்கு?"

"நீளமா இருந்துது. வெட்டிட்டேன்."

"ஒட்டிக் குடேன்."

"இல்லக்கா. போயிருச்சி."

மகள் சுவரோரத்திலிருந்து எழுந்து உள்ளே போய்விட்டாள். தாய் வெகுநேரம் அம்மையாரின் கைகளையே பார்த்தாள், இந்தக் கைகளா என்பதுபோல. ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் நல்லதென்றும் இருந்தது. அவள் ஏசவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

"நீயாச்சும் சொல்லக் கூடாதா சாமி, வெட்டாதடின்னு?"

காலையில் இட்ட சந்தனம் நெற்றியில் காய்ந்து தோலை இழுத்துக்கொண்டிருந்தது. சொல்லியிருக்க வேண்டும் என்பதுபோல் நான் தலையை அசைத்தேன்.